இரண்டு நிமிட இருட்டுக்கு மூன்று லட்சமா?

வில்லியனூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "அடுத்த வருஷம் ஆகஸ்ட் 12 அன்று ஸ்பெயினில் முழு சூரிய கிரகணமாம். குரூப் டூர் விளம்பரம் வந்திருக்கிறது. ஆளுக்கு மூன்று லட்சத்துக்கு மேல். 2019 டிசம்பரில் புதுச்சேரியிலேயே சூரியன் முக்கால் பங்குக்கு மேல் மறைந்ததை மொட்டை மாடியிலிருந்து பார்த்தாயிற்று. மிச்சம் கால் பங்குக்கா இவ்வளவு செலவு? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லவும்."

20.07.2025

போய் வந்தவன் சொல்கிறேன். 2024 ஏப்ரல் 8 கிரகணத்தை மெக்சிகோவின் மேற்குக் கரையில் மசட்லான் என்ற ஊரில் பார்த்தேன். சென்னையிலிருந்து கிளம்பிய குரூப் டூர்தான். நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அந்தப் பணத்துக்கு மஞ்சக்குப்பம் வீட்டின் மாடியில் ஒரு ரூம் எழுப்பியிருக்கலாம் என்று வீட்டில் இன்றுவரை பேச்சு ஓடுகிறது.

முக்கால் பார்த்தாயிற்று, கால்தான் பாக்கி என்று இதில் கணக்குப் போட முடியாது தம்பி. சூரியன் பௌர்ணமி நிலவைவிட ஏறக்குறைய நான்கு லட்சம் மடங்கு பிரகாசம். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு மறைந்தாலும், மிச்சமிருக்கும் ஒரு பங்கு நாலாயிரம் பௌர்ணமிக்குச் சமம். சூரியனைச் சுற்றி இருக்கும் கரோனா என்ற மெல்லிய ஒளிவட்டத்தின் வெளிச்சம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு பௌர்ணமியைத் தாண்டாது. நாலாயிரத்துக்குப் பக்கத்தில் ஒன்று எப்படித் தெரியும்? அந்தக் கடைசி ஒரு பங்கும் போன பிறகுதான் கரோனா வருகிறது, கண்ணாடியைக் கழற்ற முடிகிறது, பகலில் கிரகங்கள் தெரிகின்றன.

2019 டிசம்பர் 26 அன்று நமக்குக் கிடைத்தது கங்கண கிரகணத்தின் ஓரம். கோவை, கரூர், திண்டுக்கல் என்று நடுப்பாதைக்கே போய் நின்றவர்களுக்கும் நெருப்பு வளையம்தான் கிடைத்தது, இருட்டு கிடைக்கவில்லை. நிலா அன்று தூரத்தில் இருந்ததால் சூரியனை முழுசாக மூட அதன் அளவு போதவில்லை. அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அது வேறு ஜாதிக் கிரகணம்.

20.07.2025, இரவு

அதற்குள் ஒருவர் வாட்ஸ்அப் செய்தி ஒன்றை ஒட்டியிருக்கிறார். "வரும் ஆகஸ்ட் 2 உலகமே ஆறு நிமிடம் இருளில் மூழ்கும், நாசா அறிவிப்பு." நாசா அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 2 கிரகணம் உண்மைதான், ஆனால் வருஷம் 2027. அப்போதும் இருட்டுவது உலகம் இல்லை, இருநூற்றைம்பது கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை. இந்த வருஷம் ஆகஸ்ட் 2 அன்று வளர்பிறை அஷ்டமி பக்கம் வருகிறது. ஆடி அமாவாசை இந்த வியாழக்கிழமையே முடிந்துவிடும். அமாவாசை இல்லாமல் சூரிய கிரகணம் வராது என்பது என் பாட்டிக்கே தெரியும். அவருக்கு நாசாவைத் தெரியாது, அவ்வளவுதான்.

23.07.2025

"குரூப் டூரில் என்னதான் செய்வார்கள், தனியாகவே போகலாமே" என்று நெல்லிக்குப்பம் அக்கா கேட்டிருக்கிறார். எங்கள் டூரில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், அக்காவே முடிவு செய்துகொள்ளட்டும்.

விசா முதலில். எங்கள் குழுவில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பதால் அமெரிக்க விசா கையில் இருந்தது. அது இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. இல்லாதவர்களுக்கு டூர்காரர்கள் அலைந்தார்கள். அந்த அலைச்சலுக்கு மட்டும் கொடுத்த காசு தகும். முத்தியால்பேட்டையில் இருக்கும் என் மச்சானுக்கு எந்த அலைச்சலும் இல்லை. சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்கள் வழி, பிரெஞ்சு பாஸ்போர்ட். விமான நிலையங்களில் எங்களை வரிசையில் விட்டுவிட்டு அவர் காபி குடித்துக்கொண்டு நிற்பார்.

அப்புறம் ஊர்கள். பயணத் திட்டத்தில் கிரகணம் ஒரு காலை நேரம், மற்ற எல்லா நாளும் பிரமிடு, சர்ச், கடைத்தெரு. பிரமிடுகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் கிரகணத்துக்கு முந்தின நாள் இரவு வரை பஸ்ஸிலும் விமானத்திலும் உருட்டி, மறுநாள் காலையில் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தோடு நின்றார்கள். நல்ல டூராக இருந்தால் முந்தின நாள் காலியாக இருக்கும்.

கூட ஒரு ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியரை அழைத்து வந்திருந்தார்கள். டூரில் உருப்படியான செலவு அவர்தான். காலை 9.51க்குச் சூரியனின் ஓரத்தில் நிலா கடித்தது. அப்போதிருந்து அவர் எங்களை எதை எதைப் பார்க்க வைக்க வேண்டுமோ அதற்கெல்லாம் நேரம் குறித்து வைத்திருந்தார். மர நிழலில் இலை இடுக்கு வழியாக விழும் பிறை வடிவங்கள், நிழல்கள் கத்தி மாதிரி கூர்மையாவது, தோலில் உறைக்கும் வெயில் மட்டும் குறைவது. 11.07க்கு விசில். கண்ணாடியைக் கழற்றச் சொல்லி ஒரு விசில், திரும்பப் போடச் சொல்லி இரண்டு விசில். இது விளையாட்டு இல்லை. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற வேறொரு குழுவில் ஒரு குடும்பமே நான்கு நிமிடமும் கண்ணாடியைக் கழற்றாமல், ஒன்றுமே தெரியவில்லை என்று நின்றது. முழு மறைப்பின்போது அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கும்மிருட்டுதான். சொல்ல ஆள் இல்லை அவர்களுக்கு.

24.07.2025

சரி, என்ன பார்த்தேன் என்று சொல்லாமல் விசாவைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று இரண்டு பேர் திட்டியிருக்கிறார்கள்.

நிலாவின் நிழல் அன்று வட அமெரிக்கக் கண்டத்தில் முதலில் கரையேறிய இடம் மசட்லான் பக்கம். அதற்கு முன் முழுக்கப் பசிபிக் கடல்தான். எனவே நாங்கள் சூரியனைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடைசி ஒரு நிமிடம் கடலைப் பார்த்தோம். தென்மேற்கே அடிவானத்திலிருந்து கருநீலம் எழும்பி வந்தது. நம் ஊரில் ஐப்பசியில் மழை கடலிலிருந்து ஏறி வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். ஆனால் மழை வர அரை மணி ஆகும், இது சில நொடிகளில் தலைக்கு மேல் வந்துவிட்டது. நிமிர்ந்தால் வைர மோதிரம் மாதிரி விளிம்பில் ஒரே ஒரு ஒளிப்பொட்டு, அடுத்த நொடி அதுவும் இல்லை. கறுப்பு வட்டம், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாகச் சிலிர்த்த வெள்ளை. சூரியனில் கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும் வருஷங்களில் கரோனா இப்படி வட்டமாக இருக்கும், அமைதியான வருஷங்களில் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீளும் என்று ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார். வட்டத்தின் விளிம்பில் வெறும் கண்ணுக்கே தெரிகிற மாதிரி ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு. அது சூரியனிலிருந்து எழும் வாயுச் சுடர். பூமியைவிடப் பெரியது. ஒரு பக்கம் வெள்ளி, மறு பக்கம் வியாழன். கூழைக்கடாக்கள் பாறைப் பக்கம் திரும்பிவிட்டன. 4 நிமிடம் 20 விநாடி.

மச்சான் அந்த நான்கு நிமிடத்தில் மூன்றை போனில் படமெடுக்கவே செலவழித்தார். படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. கேட்டால் அதுதான் என்கிறார்.

27.07.2025

இந்த இழையில் நான் எழுத நினைத்த முக்கியமான விஷயம் இதுதான், இதுவரை வரவே இல்லை.

அன்று காலை ஏழு மணிக்கு மசட்லானில் மெல்லிய உயர்மேகம் படர ஆரம்பித்தது. எங்களில் சிலருக்கு வயிற்றைக் கலக்கியது. துராங்கோ நகரமும் முழு கிரகணப் பாதைக்குள்தான் இருக்கிறது, மலை ஏறி ஒரு நெடுஞ்சாலை போகிறது, சுமார் மூன்று மணி நேரம். இப்போதே கிளம்பினால் போய்விடலாம் என்று நாலைந்து பேர் சொன்னோம். முடியாது என்றார்கள். ஏன்? பஸ்ஸை மாலை வரை அனுப்பிவிட்டார்கள். ஹோட்டல் மொட்டை மாடியில் இடம், கையில் கட்டும் பட்டை, சிற்றுண்டி எல்லாம் சேர்த்துப் பேசியிருந்தார்கள். அதாவது எங்களிடம் பல லட்சம் வாங்கியவர்கள், மேகம் வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை.

மேகம் அன்று மெல்லியதாகவே நின்றது, பார்த்துவிட்டோம். கரோனாவின் வெளிப்புற இழைகள் கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். அதனால் அவர்கள் செய்தது சரியாகிவிடாது. கிரகண டூரில் நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்? ஹோட்டலுக்கா? வழிகாட்டிக்கா? என்னைக் கேட்டால், அன்றைக்கு உங்களை ஐம்பது நூறு கிலோமீட்டர் நகர்த்தத் தயாராக நிற்கும் ஒரு பஸ்ஸுக்குத்தான். விளம்பரத்தில் எத்தனை நட்சத்திர ஹோட்டல் என்று பெரிதாகப் போடுகிறார்கள். பஸ்ஸைப் பற்றி ஒரு வரி இருக்காது.

28.07.2025

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். எதிர்ப்பக்கமும் யோசிக்க வேண்டியிருக்கிறது. முப்பத்தைந்து பேரை ஏற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் மலைப்பாதையில் போய், வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டு, பஸ் ஜன்னல் வழியாகக் கிரகணம் பார்த்திருந்தால்? எழுபது வயதைத் தாண்டியவர்கள் எங்களுடன் இருந்தார்கள். யார் சொல்வது போகலாம் என்று? ஓட்டெடுப்பா? எங்கள் குழுவால் மதியச் சாப்பாடு எங்கே என்பதையே ஒருமனதாக முடிவு செய்ய முடிந்ததில்லை.

எனவே பஸ் இருந்தால் மட்டும் போதாது, முடிவெடுக்கிற ஆள் ஒருவர்தான் இருக்க வேண்டும். வானிலை பார்க்கத் தெரிந்த ஒருவர், முந்தின நாள் இரவே சொல்லிவிட வேண்டும். அன்று காலையில் கூட்டம் கூட்டிப் பேசினால் எதுவும் நடக்காது.

03.08.2025

கிரகணத்தின்போது சாப்பிட்டீர்களா என்று கேட்டவருக்கு. ஹோட்டலில் காலைச் சாப்பாடு பத்து மணி வரை. கிரகணம் பிடித்தது 9.51. கடைசி ஒன்பது நிமிடம் எங்கள் குழு இரண்டாகப் பிரிந்தது. ஒரு கட்சி தட்டைக் கீழே வைத்தது, இன்னொரு கட்சி இரண்டாவது முறை பழம் எடுக்கப் போனது.

தர்ப்பணம் இன்னும் சிக்கலாகிவிட்டது. கிரகணம் கண்ணுக்குத் தெரிகிற ஊரில்தான் கிரகண தர்ப்பணம் என்பது நம் பக்கம் வழக்கம். இந்தியாவில் அன்று தெரியவில்லை, அதனால் ஊரில் யாரும் செய்யவில்லை. ஆனால் நாங்கள் நிற்கும் இடத்தில் தலைக்கு மேலேயே நடக்கிறதே! கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர் எள்ளும் தர்ப்பையும் ஊரிலிருந்தே கொண்டு வந்திருந்தார். சங்கல்பத்தில் எந்தத் தேசம், எந்த நதிக்கரை என்று சொல்வது? அவரும் இன்னொருவரும் கால் மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் எதையோ சொல்லி முடித்தார்கள். விட்டதும் ஸ்நானம். ஹோட்டல் நீச்சல் குளம் கணக்கில் வராது என்று மாமிகள் தீர்ப்பு சொல்லிவிட்டதால், புடவையோடு பசிபிக் கடலில் இறங்கினார்கள். மெக்சிகோக்காரர்கள் கைதட்டினார்கள். எங்களைவிட அந்தக் காட்சியைத்தான் அதிகம் பேர் படமெடுத்தார்கள்.

இதையெல்லாம் கேலி செய்யத் தோன்றவில்லை. 1980 பிப்ரவரி 16 அன்று முழு கிரகணம் கார்வார், ஹூப்ளி, ஐதராபாத் வழியாகப் பூரி வரை போனது. கடலூரில் பெரும்பகுதி மறைப்பு. அப்பா ஜன்னலுக்குக் கோணி கட்டி, எங்களை உள்ளே உட்கார வைத்துவிட்டார். தெருவில் ஒரு நாய்கூட இல்லை என்று பிறகு சொல்வார். அந்த வீட்டிலிருந்து வந்தவன்தான் கிரகணம் பார்க்க உலகத்தின் மறுபக்கம் போனேன். புடவையோடு கடலில் இறங்கினாலும் அந்த மாமிகள் நிமிர்ந்து பார்த்தார்களே.

08.09.2025

நேற்று இரவு சந்திர கிரகணத்தை யார் யார் பார்த்தீர்கள்? பதினொன்றுக்கு முழுசாக மூடி, பன்னிரண்டு இருபத்திரண்டு வரை செம்பு நிறம். எங்கள் மொட்டை மாடியில் மேகம் விட்டு விட்டுத்தான் காட்டியது. சந்திர கிரகணத்தில் இது பரவாயில்லை, ஒன்றேகால் மணி நேரத்தில் ஏதாவது ஒரு இடைவெளி கிடைக்கும். ஸ்பெயினில் மொத்தமே ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு சின்ன மேகம் போதும்.

14.09.2025

மேகம் என்றதும் பாண்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் இருக்கிறார். கியோம் லெ ஜென்டில், பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதை அளக்கப் புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டவர். 1761இல் கப்பல் வந்து சேருவதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. வெள்ளி கடந்த நாளில் அவர் நடுக்கடலில் ஆடுகிற பலகையின் மேல் நின்றார், அளவெடுத்து என்ன பயன்? அடுத்த வாய்ப்பு எட்டு வருஷம் கழித்து. ஊர் திரும்பாமல் இந்தியப் பெருங்கடலிலேயே சுற்றினார், மணிலா வரை போனார். 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த கோட்டையின் மேல் ஒரு கண்காணிப்பகம் கட்டினார். சென்னையிலிருந்து ஆங்கிலேயர்களே ஒரு நல்ல தொலைநோக்கியை அனுப்பி உதவினார்கள். 1769 ஜூன் 4 காலை. முந்தின இரவு வரை தெளிந்த வானம். விடியற்காலையில் மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடிந்த கொஞ்ச நேரத்தில் வெயில் அடித்தது. அன்று மணிலாவில் வானம் தெளிவு.

1771இல் ஊர் திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவு செய்து வாரிசுகள் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சொல்ல வருவது பஸ் விஷயம்தான். அவருடைய கருவிகள் கோட்டையில் பதித்து வைத்தவை, அவரால் நகர முடியாது. நம்மிடம் இருப்பது ஒரு கண்ணாடியும் இரண்டு காலும். நாம் ஏன் ஒரே மொட்டை மாடியில் உட்கார வேண்டும்?

15.09.2025

லெ ஜென்டில் பற்றி இன்னொன்று, சொல்லாமல் விட முடியவில்லை. காத்திருந்த காலத்தில் அவர் நம் ஊர்க்காரர்களிடம் கிரகணக் கணிதம் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைத் தமிழ் முறைப்படி கணித்துப் பார்த்ததில் 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற டோபியாஸ் மேயர் அட்டவணைப்படி 68 விநாடி கூடியது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பிறகு 1825இல் ஜான் வாரன் என்பவர், பாண்டியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, காகிதமே இல்லாமல், மனப்பாடமான சூத்திரங்களை வைத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தார். ஆரம்ப நேரம் நாலு நிமிடம்தான் பிசகு. முடியும் நேரம் முக்கால் மணிக்கு மேல் பிசகு, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் முதல் பாதி மட்டும்தான் வரும்.

02.12.2025

மழை விடவில்லை, வெளியே போக முடியவில்லை, எனவே ஸ்பெயின் பற்றி விரிவாக.

"டூரில் மாட்ரிட், பார்சிலோனா இரண்டும் இருக்கிறது, இரண்டிலும் கிரகணம் தெரியும்தானே" என்று நெல்லிக்குப்பம் அக்கா மறுபடி கேட்டிருக்கிறார். தெரியும், ஆனால் பகுதிக் கிரகணம்தான். இரண்டு நகரங்களும் பாதைக்கு வெளியே, விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த நாலாயிரம் பௌர்ணமிக் கணக்கு இங்கேதான் உதைக்கும். ஓவியேதோ, லெயோன், புர்கோஸ், சரகோசா, வலென்சியா, பால்மா இவையெல்லாம் உள்ளே. விளம்பரத்தில் ஊர்ப் பெயர்களைப் பார்க்காதீர்கள். ஆகஸ்ட் 12 புதன்கிழமை இரவு எட்டரை மணிக்கு எங்கே நிற்போம் என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

ஆமாம், இரவு எட்டரை. அங்கே கோடையில் அப்போதுதான் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். ஆ கொருன்யாவில் அடிவானத்திலிருந்து 12 டிகிரி உயரம், பால்மா தீவில் 2, 3 டிகிரிதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் சூரியன் உதித்து முக்கால் மணி நேரத்துக்குள் ஏறக்குறைய அந்த உயரத்துக்கு வந்துவிடும். ஒரு நாள் காலையில் போய் நின்று பாருங்கள், எவ்வளவு தாழ்வு என்று புரியும். மேற்கே ஒரு மலையோ அடுக்குமாடியோ இருந்தால் தீர்ந்தது. பால்மாவில் கடல் தெரிகிற மேற்குக் கரை கிடைத்தால் அற்புதம், கிடைக்காவிட்டால் வெறும் கோழிக்குஞ்சு நிற வானம்.

மேகத்தைப் பொறுத்தவரை வடக்குக் கடலோரம் சந்தேகம், மலையைத் தாண்டி உள்ளே இருக்கும் பீடபூமி தேவலை. புர்கோஸ், பலென்சியா, லெயோன் பக்கம். மறைப்பும் அங்கே ஒன்றே முக்கால் நிமிடத்துக்குக் கிட்ட வருகிறது. ஐஸ்லாந்துக்கும் டூர் இருக்கிறது. அங்கே சூரியன் உயரத்தில் இருக்கும், சில இடங்களில் இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும், ஆனால் ஆகஸ்டில் மேகம் அதிகம். நான் போக மாட்டேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும், சராசரி வேறு, அன்றைய வானம் வேறு. 2024இல் டெக்சாஸ் நல்ல வாய்ப்பு என்று உலகமே அங்கே போனது, அன்று அங்கே மேகம் பயமுறுத்தியது. ஏப்ரலில் யாரும் நம்பாத வெர்மான்ட், மெயின் மாநிலங்கள் பக்கம் பளிச்சென்று இருந்தது. செயற்கைக்கோள் படம் பார்க்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 தானே புயலுக்கும் போன வருஷம் பெஞ்சலுக்கும் பிறகு, கடலூரில் மீன் விற்கும் அம்மாகூட போனில் மேகப்படம் பார்க்கிறார். அதே பழக்கத்தை ஸ்பெயினில் முந்தின நாள் பயன்படுத்த வேண்டும்.

போனஸாக அன்று இரவு பெர்சியட் எரிகல் மழையும் உச்சம். அமாவாசை என்பதால் நிலா தொல்லையும் இல்லை. கிரகணம் முடிந்ததும் ஹோட்டலுக்குத் துரத்தும் டூராக இருந்தால் சண்டை போடுங்கள்.

03.12.2025

"கோழிக்குஞ்சு நிறம்" என்று எங்கள் வீட்டில் சொல்வோம். மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வெளிர் மஞ்சள்.

11.01.2026

பலருக்கும் ஒரே கேள்வி: இந்த வருஷம் ஸ்பெயினா, அடுத்த வருஷம் எகிப்தா? 2027 ஆகஸ்ட் 2, லக்சரில் 6 நிமிடம் 20 விநாடி. இந்த நூற்றாண்டில் மிக நீளமானது 2009 ஜூலை 22 கிரகணம். பசிபிக் கடலில் 6 நிமிடம் 39 விநாடி வரை போனது. அது இந்தியா வழியாகவும் வந்தது. பீகாரில் தரேக்னா என்ற ஊரில் பெரும் கூட்டம் கூடி, மழைக்கால மேகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. லக்சரில் ஆகஸ்டில் மேகம் என்ற பேச்சே கிடையாது. என் பஸ் வாதம் எகிப்தில் செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஹோட்டல் தோட்டத்திலேயே உட்காரலாம்.

ஆனால் பகல் ஒரு மணி, 40 டிகிரி வெயில், சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில். கழுத்து ஒடிந்துவிடும். கோரைப்பாய் கொண்டு போய் மல்லாந்து படுப்பதுதான் வழி. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஸ்பெயினையே யோசிக்கலாம், மாலை நேரம், வெயில் தணிந்திருக்கும். பணம் ஒரு முறைக்குத்தான் இருக்கிறது, உடம்பு வெயில் தாங்கும் என்றால் எகிப்து. ஆறு நிமிடத்தில் மச்சானே போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார் என்று நம்புகிறேன்.

காசே செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்கு: 2031 மே 21 கங்கண கிரகணம் கேரளம், மதுரை, யாழ்ப்பாணம் வழியாக வருகிறது. பஸ் டிக்கெட் போதும். இந்தியாவுக்குள் முழு கிரகணம் வேண்டும் என்றால் 2034 மார்ச் 20, அதுவும் காஷ்மீர், லடாக் பக்கம் மட்டும்.

12.01.2026

கண்ணாடி பற்றிக் கேட்டவருக்கு: ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சிட்டிருக்க வேண்டும், நம்பகமான இடத்தில் வாங்க வேண்டும், கீறல் விழுந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், இரண்டும் வேண்டாம். வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் எண் மட்டும். தொலைநோக்கியின் முன்னால் வடிகட்டி இல்லாமல், கண்ணில் மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் வழியாகப் பார்க்கவே கூடாது. முழு மறைப்பின்போது மட்டும் எதுவும் வேண்டாம். ஸ்பெயினில் சூரியன் தாழ்ந்து சிவந்து கண் கூசாத மாதிரி தெரியலாம், அதை நம்பி முன்கூட்டியே கழற்றாதீர்கள்.

14.02.2026

ஸ்பெயின் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், அதாவது இப்போதிருந்தே. கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடையில் தேதி கிடைப்பது கஷ்டம், தள்ளிப்போடாதீர்கள். 17ஆம் தேதி அண்டார்க்டிகாவில் ஒரு கங்கண கிரகணம் இருக்கிறது, அதற்கு டூர் கேட்டுத் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.

வில்லியனூர் தம்பி விளம்பரம் அனுப்பிய டூர்காரர்களிடம் பஸ் கேள்வியை எழுதிக் கேட்டிருந்தேன். முதல் பதிலில் ஹோட்டல் நீச்சல் குளத்தின் படம் வந்தது. இரண்டாவது முறை கேட்டதற்கு ஒழுங்கான பதில். புர்கோஸில் தங்கல், பஸ் அன்று முழுக்க நம்முடன். முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்குக் கூட வரும் வானியல் ஆள் முடிவு சொல்வார், அதற்கு மேல் விவாதம் இல்லை. ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு எடுக்க வேண்டும், ஒரு நாளில் பொதுவாக ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம் என்பது ஐரோப்பியச் சட்டம். அதனால் பிற்பகலுக்குள் போய்ச் சேரும்படி, இருநூறு கிலோமீட்டருக்குள்தான் நகர்வோம் என்றார்கள். மசட்லானில் எனக்கு இந்தப் பதில் கிடைத்திருந்தால் போதும். எதை எழுதித் தருவார்கள் என்று மட்டும் இன்னும் பாக்கி, வாய்ப் பேச்சை நம்பி முழுப் பணம் கட்டப் போவதில்லை.

நானும் வீட்டிலும் பேர் கொடுத்துவிட்டோம். மாடி ரூம் இன்னொரு வருஷம் தள்ளிப் போகிறது. மச்சான் இந்த முறை கேமரா ஸ்டாண்டு வாங்கியிருக்கிறார், ஒன்றும் சொல்வதற்கில்லை. முன்பணம் கட்டக் கடைசி நாள் 20ஆம் தேதி. இரண்டு இடம் இன்னும் இருக்கிறதாம். வில்லியனூர் தம்பி வருவதாக இருந்தால் 18க்குள் சொல்லிவிடவும்.